நிபுணருக்கும் ஓர் ஏணி வேண்டும்

கொழும்பில் மென்பொருள் கம்பனி ஒன்றில் சேரும் பொறியியலாளருக்கு முதல் ஏழெட்டு வருடங்கள் வழி நேராகத்தான் போகும். அசோசியேட் இன்ஜினியர், சொஃப்ட்வெயார் இன்ஜினியர், சீனியர் இன்ஜினியர், டெக் லீட். ஒவ்வொரு படியிலும் சம்பளம் கூடும், பதவிப் பெயர் மாறும். பிறகு ஒரு நாள் மேலதிகாரி அறைக்குக் கூப்பிட்டு, இனி என்ன செய்ய யோசனை என்று கேட்பார். பல கம்பனிகளில் அந்தக் கேள்விக்கு ஏற்றுக்கொள்ளப்படும் பதில் ஒன்றே ஒன்றுதான்: முகாமையாளர் ஆவது.

தொழில்நுட்பத்திலேயே இருக்கப் போகிறேன் என்று அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னவள் நான். கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்து, மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் படித்து, இப்போது வெள்ளவத்தையில் குடியிருக்கிறேன். இருபது வருடங்களுக்கு மேலாக வங்கிகளுக்கும் காப்புறுதிக் கம்பனிகளுக்கும் மென்பொருள் உருவாக்குவதே என் தொழில். இன்றைக்கு என் பதவியின் பெயர் ஆர்க்கிடெக்ட். ஒரு பெரிய மென்பொருள் எப்படி அமைய வேண்டும், அதன் எந்தப் பகுதி எங்கே முறியக்கூடும், எதை இப்போதே மாற்ற வேண்டும் என்று தீர்மானிப்பது என் பொறுப்பு. என்னிடம் லீவுக்கு விண்ணப்பிக்கும் ஆட்கள் எவரும் இல்லை.

என்னோடு வேலை பார்த்த திறமைசாலிகள் பலர், தங்களுக்கு நன்றாகக் கைவந்த வேலையைக் கைவிட்டால்தான் முன்னேறலாம் என்ற நிலைக்கு வந்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். சிலர் மனமில்லாமல் முகாமையாளர் ஆனார்கள். சிலர் மெல்பேணுக்கும் டொரொன்டோவுக்கும் போனார்கள். அதனால் வந்த நட்டம் அவர்களோடு நிற்கவில்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

ஒரே இரவு, இரண்டு தொழில்

நிபுணரின் வேலைக்கும் முகாமையாளரின் வேலைக்கும் என்ன வேறுபாடு என்று வெளியில் இருப்பவர்களுக்கு எளிதில் விளங்காது. மாதக் கடைசி இரவொன்றை எடுத்துக்கொள்வோம். வங்கியொன்றில் ஆயிரக்கணக்கானவர்களின் சம்பளத்தைக் கணக்குகளில் இடும் வேலை ஓடிக்கொண்டிருக்கிறது. வழமையாக ஒரு மணித்தியாலத்தில் முடிவது மூன்று மணித்தியாலமாகியும் முடியவில்லை. விடிந்தால் சம்பள நாள்.

அந்த நேரத்தில் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் தரவுத்தளத்துக்குள் இறங்கி, எந்தக் கட்டளை எதைப் பூட்டி வைத்திருக்கிறது, போன மாதம் இல்லாத எது இந்த மாதம் புகுந்தது என்று கண்டுபிடிக்க வேண்டும். புத்தகம் படித்து மட்டும் அந்தக் கண் வராது. பல வருடங்கள் பல கோளாறுகளோடு மல்லுக்கட்டித்தான் வரும். மற்றவர் வங்கிக்காரருக்கு உண்மை நிலையைச் சொல்லி, எப்போது முடியும் என்று நம்பத்தகுந்த ஒரு நேரம் கொடுத்து, ஆளாளுக்கு அழைத்து முதலாமவரைக் குழப்பாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். இரவு முழுக்க விழித்தவரை எப்போது வீட்டுக்கு அனுப்புவது, காலையில் யார் பொறுப்பெடுப்பது என்பதையும் அவர்தான் ஒழுங்கு செய்ய வேண்டும். முதலாமவர் நிபுணர், இரண்டாமவர் முகாமையாளர். இருவரில் எவர் இல்லாவிட்டாலும் அந்தச் சம்பளம் நேரத்துக்குப் போய்ச் சேராது.

முகாமைத்துவத்தைக் குறைத்துச் சொல்வது என் நோக்கம் அல்ல. கூகுள் நிறுவனம் 2002இல் பொறியியல் பிரிவில் முகாமையாளர்களே வேண்டாம் என்று எடுத்துவிட்டுப் பார்த்தது. சில மாதங்களுக்கு மேல் அது தாக்குப்பிடிக்கவில்லை. சின்னச் செலவுக் கணக்கும் ஆட்களுக்கிடையிலான பிணக்கும் நேரே நிறுவனத்தின் தலைவரிடம் போய் நின்றன. பிறகு 2008இல் நல்ல முகாமையாளரிடம் என்ன இருக்கிறது என்று ஓர் உள்ளக ஆய்வைத் தொடங்கினார்கள். அதில் கிடைத்த எட்டுப் பண்புகளில் முன்வரிசையில் இருந்தவை, ஊழியரை வழிகாட்டி வளர்ப்பது, நம்பி வேலையை ஒப்படைப்பது, அவர்களின் நலனில் அக்கறை காட்டுவது போன்றவை. தொழில்நுட்ப அறிவு பட்டியலில் இருந்தது. ஆனால் எட்டாவது இடத்தில். பொறியியலாளர்களால் நிறைந்த நிறுவனத்திலேயே இதுதான் நிலை என்றால், மிகச் சிறந்த பொறியியலாளரைத் தேடிப் பிடித்து முகாமையாளர் ஆக்குவதற்கு என்ன நியாயம் இருக்கிறது?

அப்பாவின் லேத்

இது கணினியோடு வந்த பிரச்சினை அல்ல என்பதை நான் சின்ன வயதிலேயே பார்த்துவிட்டேன். எங்கள் வீடு ஜம்பட்டா வீதிப் பக்கம். அப்பா துறைமுகத்தை அண்டிய ஒரு பட்டறையில் லேத் வேலை செய்தார். கப்பலில் இருந்து கழற்றி வரும் தேய்ந்த தண்டைக் கடைந்து, அங்குலத்தின் ஆயிரத்திலொரு பங்கை மைக்ரோமீற்றரில் அளந்து, பொருந்த வேண்டிய இடத்தில் பொருந்த வைப்பார். அவசர வேலை வந்தால் ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் அவரைத்தான் வந்து கூட்டிப் போவார்கள்.

அப்படி நல்ல வேலைக்காரராக இருந்ததற்குப் பரிசாக அவரை மேற்பார்வையாளர் ஆக்கினார்கள். அன்றிலிருந்து அவர் கையில் வரவுப் பதிவேடும், உதிரிப்பாகங்களுக்கான கோரிக்கைத் தாளும், இன்னொருவர் பிழையாகச் செய்ததற்கு விளக்கக் கடிதமும்தான். மேற்பார்வையாளர் பதவிக்கு ஓவர்டைம் கிடையாது என்பதால் வீட்டுக்கு வரும் பணமும் சில மாதங்களில் முன்பைவிடக் குறைந்தது. பட்டறைக்கும் நட்டம்: அவருடைய அளவுக்குக் கடைய ஆளில்லாமல் சில வேலைகளை வெளியே கொடுக்க வேண்டி வந்தது. மெஷினுக்கே திரும்பிப் போகிறேன் என்று அப்பா கேட்டார். அது பதவி இறக்கமாகிவிடும், அப்படி ஒரு வழக்கம் இங்கே இல்லை என்று மறுத்துவிட்டார்கள். ஓய்வு பெறும்வரை அந்தக் கதிரையிலேயே இருந்தார். "அவர் இப்ப சுப்பர்வைசர்" என்று அம்மா அயலாரிடம் பெருமையாகச் சொல்லும்போது அப்பா பேச்சை மாற்றுவார்.

அப்பாவுக்கு நடந்ததற்கு உலகம் ஒரு பெயரே வைத்திருக்கிறது. கனடாவில் பிறந்த கல்வியாளர் லோரன்ஸ் பீட்டர், ரேமண்ட் ஹல் என்ற எழுத்தாளரோடு சேர்ந்து 1969இல் வெளியிட்ட நூலில் இதை விளக்கினார். இப்போது செய்யும் வேலையில் திறமை காட்டினால் மேலே ஏற்றுகிறார்கள். மேலேயும் திறமை காட்டினால் இன்னும் மேலே. கடைசியில் ஒருவர் தன்னால் இயலாத ஓர் இடத்துக்கு வந்து சேர்ந்து அங்கேயே நின்றுவிடுகிறார். இதற்கு 'பீட்டர் தத்துவம்' என்று பெயர் வந்தது. பிற்காலத்தில் மூன்று பொருளியலாளர்கள் அமெரிக்காவில் நூற்றுக்கும் மேற்பட்ட நிறுவனங்களின் விற்பனை ஊழியர்களின் பதிவுகளை எடுத்து ஆராய்ந்து, 2019இல் ஆய்விதழில் வெளியிட்டார்கள். அதிகம் விற்றவர்களையே நிறுவனங்கள் முகாமையாளர் ஆக்குகின்றன. ஆனால் அதிகம் விற்றவர்கள் முகாமையாளர் ஆனபின் அவர்களின் குழுவினரின் விற்பனை மற்ற முகாமையாளர்களின் குழுக்களைவிடக் குறைவாக இருந்தது என்பது அவர்கள் கண்டது.

இது தெரிந்தும் கம்பனிகள் ஏன் அதையே செய்கின்றன? பதவி உயர்வைவிட்டால் திறமைக்குக் கொடுக்க அவர்களிடம் வேறு பரிசு இல்லை. சம்பளத் திட்டம் பதவிப் படியோடு கட்டப்பட்டிருக்கிறது. சம்பளத்தைக் கூட்ட வேண்டுமென்றால் படியைக் கூட்ட வேண்டும். மேலுள்ள படிகள் எல்லாம் முகாமையாளர் படிகள். ஆகவே ஒருவரைத் தக்கவைப்பதற்காகவே அவரை அவருடைய வேலையிலிருந்து பிடுங்கி எடுக்கிறார்கள்.

அறிவு ஓரிடம், அதிகாரம் இன்னோரிடம்

எங்கள் நாட்டு வரலாற்றிலேயே இதற்குப் பெரிய உதாரணம் ஒன்று உண்டு. டி. ஜே. விமலசுரேந்திர 1874இல் காலியில் பிறந்தவர். பொதுவேலைத் திணைக்களத்தில் கீழ்நிலையில் சேர்ந்து பொறியியலாளராக உயர்ந்தார். மலைநாட்டு ஆறுகளின் வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் எடுக்கலாம், அதைக் கொண்டு இலங்கையில் கைத்தொழிலை வளர்க்கலாம் என்று கணக்கோடு காட்டி, 1918இல் இலங்கைப் பொறியியல் சங்கத்தில் ஓர் ஆய்வுரை வாசித்தார். அந்தத் துறையில் அவரளவுக்குத் தெரிந்தவர் அன்றைக்கு இந்த நாட்டில் இருந்திருப்பாரா என்பது சந்தேகம். ஆனால் தீர்மானிக்கும் கதிரைகளில் குடியேற்ற அரசின் நிர்வாகிகள் இருந்தார்கள். லக்சபான நீர்மின் திட்டத்தின் வேலை 1920களில் தொடங்கி, இடையில் நிறுத்தப்பட்டது. அரச சேவையிலிருந்து ஓய்வு பெற்ற விமலசுரேந்திர, 1931இல் அரசாங்க சபைக்குத் தெரிவாகி அங்கே இதற்காக வாதாடினார். லக்சபானவிலிருந்து மின்சாரம் வந்தது 1950இல். ஆய்வுரைக்கும் மின்சாரத்துக்கும் இடையில் 32 வருடங்கள். அவர் 1953இல் காலமானார்.

அந்தத் தாமதத்துக்குப் பணமும் அரசியலும் காரணம் என்பது உண்மை. ஆனாலும் தெரிந்தவருக்குத் தீர்மானத்தில் இடமில்லாத ஓர் அமைப்பு என்ன விலை கொடுக்கும் என்பதை அந்த 32 வருடங்களும் காட்டுகின்றன. ஒரு பொறியியலாளர் தன் பொறியியலை நிறைவேற்ற அரசியலுக்குப் போக வேண்டி வந்தது.

அந்த நிர்வாகிகள் இருந்த இலங்கைச் சிவில் சேவை 1963இல் கலைக்கப்பட்டது. இன்று நிர்வாக சேவைக்கும் பொறியியல் சேவைக்கும் விஞ்ஞான சேவைக்கும் ஆரம்பச் சம்பள அளவுத்திட்டம் ஒன்றுதான். ஆனாலும் அமைச்சுச் செயலாளர் கதிரைக்குப் பெரும்பாலும் நிர்வாக சேவையிலிருந்தே ஆள் வருகிறார். பிரிட்டனிலும் இந்தக் கேள்வி எழுந்தது. எந்தத் துறையிலும் நிபுணத்துவம் இல்லாத பொது நிர்வாகிகளிடம் அதிகாரம் குவிந்திருப்பதை 1968இல் வெளிவந்த ஃபுல்ட்டன் குழு அறிக்கை கடுமையாகக் கண்டித்தது. இதிலிருந்து கம்பனிகள் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் ஒன்று இருக்கிறது. இரண்டு வழிக்கும் ஒரே சம்பளம் கொடுத்தால் மட்டும் போதாது. முடிவெடுக்கும் மேசையில் நிபுணருக்கும் ஒரு கதிரை வேண்டும்.

நன்றாக நடக்கும் இடங்கள்

வழியே இல்லை என்று சொல்ல முடியாது. எங்கள் கண்முன்னாலேயே இரண்டு துறைகள் இதைத் தீர்த்து வைத்திருக்கின்றன.

முதலாவது வைத்தியசாலை. இருதய சத்திரசிகிச்சை நிபுணர் ஒருவரிடம், எப்போது வைத்தியசாலைப் பணிப்பாளர் ஆகப் போகிறீர்கள் என்று வெள்ளவத்தையில் எவரும் கேட்பதில்லை. நிபுணராக இருப்பதே உச்சம் என்று எல்லோருக்கும் தெரியும். வைத்தியசாலையை நிர்வகிக்க விரும்பும் வைத்தியர்களுக்கு வேறு வழி இருக்கிறது. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவனத்தில் மருத்துவ நிர்வாகம் தனியொரு துறையாகக் கற்பிக்கப்படுகிறது. அதற்கென்று பட்டமும் பயிற்சியும் உண்டு. சத்திரசிகிச்சையில் கெட்டிக்காரர் என்பதற்காக ஒருவரைப் பணிப்பாளர் கதிரையில் தூக்கி வைப்பதில்லை.

இரண்டாவது பல்கலைக்கழகம். 1978ஆம் ஆண்டுப் பல்கலைக்கழகச் சட்டத்தின்படி துறைத் தலைவர் பதவியும் பீடாதிபதி பதவியும் மூன்று வருடத்துக்கானவை. அந்தக் காலம் முடிந்தால் மறுபடியும் பேராசிரியராகத் தன் ஆய்வுக்கும் வகுப்புக்கும் திரும்பலாம்; அதை எவரும் இறக்கமாகப் பார்ப்பதில்லை. துறைத் தலைவராக இல்லாமலே சிரேஷ்ட பேராசிரியர் ஆகலாம். பேராசிரியர் அழகையா துரைராஜாவை நினைத்துப் பாருங்கள். கேம்பிரிட்ஜில் ரொஸ்கோ, ஸ்கோஃபீல்ட் ஆகியோரோடு அவர் சேர்ந்தெழுதி 1963இல் வெளிவந்த மண்பொறியியல் கட்டுரை இன்றும் உலகெங்கும் மேற்கோள் காட்டப்படுகிறது. அவரே பிற்காலத்தில், யுத்தத்தின் மிக மோசமான வருடங்களில், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்து அதை மூடவிடாமல் நடத்தினார். இரண்டும் கைவந்த மனிதர்கள் இருக்கிறார்கள். அப்படிப்பட்டவர்கள் அரிது என்பதையும், துணைவேந்தர் ஆகியிராவிட்டாலும் அவர் பெரிய விஞ்ஞானிதான் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கம்பனி உலகில் இதை முதலில் பெரிய அளவில் செய்தவர்களில் ஐ.பி.எம். முக்கியமானது. அதன் தலைவர் தொமஸ் வொட்சன் இளையவர் 1962இல் 'பெலோ' என்ற பதவியை உருவாக்கினார். ஆட்களை மேய்க்காமலே ஒரு விஞ்ஞானி அல்லது பொறியியலாளர் எட்டக்கூடிய உச்சப் படி அது. தனக்குப் பிடித்த ஆராய்ச்சியைத் தானே தெரிந்தெடுக்கும் சுதந்திரமும் அதோடு வந்தது. அதே நிறுவனத்தின் சூரிச் ஆய்வுகூடத்தைச் சேர்ந்தவர்களுக்கு 1986இலும் 1987இலும் தொடர்ந்து பௌதிகவியல் நொபெல் பரிசு கிடைத்தது. 1987இல் பரிசு பெற்ற அலெக்ஸ் மியூலர் அதற்கு ஐந்து வருடங்களுக்கு முன்பே பெலோ ஆகியிருந்தார்.

பக்கத்தில் இந்தியாவில் இஸ்ரோவைப் பாருங்கள். மேலே ஒரு கதிரை காலியாகும்வரை அங்கே விஞ்ஞானி காத்திருக்க வேண்டியதில்லை. குறித்த காலம் சேவை செய்து, மதிப்பீட்டிலும் நேர்முகத்திலும் தேறினால் அடுத்த தரத்துக்குப் போகலாம். எஸ்.சி., எஸ்.டி., எஸ்.ஈ. என்று தொடங்கி, அதற்கு மேலும் பல தரங்கள் உண்டு. ஒரு விண்கலத்தின் திட்டப் பணிப்பாளர் பொறுப்பு நிறுவனத்தின் தலைவர் பதவியிலிருந்து வேறானது. 2023 ஓகஸ்ட் 23ஆம் திகதி சந்திரயான்-3 நிலவில் இறங்கியபோது விழுப்புரத்தைச் சேர்ந்த வீரமுத்துவேல் அதன் திட்டப் பணிப்பாளராக உலகுக்குத் தெரிந்தார். அவர் இஸ்ரோவின் தலைவர் அல்ல. அதனால் அவர் பெருமை குறைந்ததா?

கொழும்பு கண்ட வழி

கொழும்பின் மென்பொருள் துறைக்கு நிபுணர்களின் பெறுமதி தெரியாது என்று சொல்ல முடியாது. மில்லெனியம்ஐ.டி. 1996இல் இங்கே தொடங்கிய கம்பனி. பங்குச் சந்தையில் வாங்கல் விற்றல் கட்டளைகளைக் கண்ணிமைக்கும் நேரத்தின் சிறு பங்கில் பொருத்தும் மென்பொருளை அது உருவாக்கியது. லண்டன் பங்குச் சந்தை 2009இல் அந்தக் கம்பனியை 3 கோடி டொலருக்கு வாங்கி, 2011 பெப்ரவரியில் தன் பிரதான சந்தையையே அந்த மென்பொருளுக்கு மாற்றியது. மாலபேயில் இருந்த பொறியியலாளர்களின் ஆழ்ந்த அறிவை நம்பித்தான் அந்த விலையும் அந்த மாற்றமும்.

இன்னொன்று டபிள்யூ.எஸ்.ஓ.2. 2005இல் அதை நிறுவியவர்களில் ஒருவரான கலாநிதி சஞ்ஜீவ வீரவரண, அதற்கு முன் ஐ.பி.எம். ஆராய்ச்சிப் பிரிவில் வேலை செய்தவர். 2003இல் அவர் தொடங்கிய லங்கா சொஃப்ட்வெயார் ஃபவுண்டேஷனின் நோக்கம், இலங்கையர்களை உலகத் திறந்த மூல மென்பொருள் (எவரும் நிரலைப் பார்த்து மாற்றக்கூடிய மென்பொருள்) வேலையில் பங்கெடுக்க வைப்பது. 2004 சுனாமிக்குப் பின் பாதிக்கப்பட்டவர்களின் விபரங்களையும் நிவாரணத்தையும் ஒழுங்குபடுத்த உருவான 'சஹானா' மென்பொருள் அந்த வட்டத்திலிருந்து பிறந்ததுதான். பின்னர் வேறு நாடுகளின் அனர்த்தங்களிலும் அது பயன்பட்டது.

திறந்த மூல உலகத்தில் என்னை மிகவும் கவர்ந்த விடயம் அதன் படிமுறை. அப்பாச்சி அறக்கட்டளையின் திட்டமொன்றில் முதலில் நீங்கள் பங்களிப்பாளர். உங்கள் வேலை தொடர்ந்து நன்றாக இருந்தால், நேரடியாக மென்பொருளில் மாற்றம் செய்யும் உரிமையை அங்கே இருப்பவர்கள் தருவார்கள். அந்த உரிமை பெற்றவரை 'கமிட்டர்' என்பார்கள். அதற்கும் மேலே திட்டத்தை வழிநடத்தும் குழு. நீங்கள் எந்தக் கம்பனியில் எந்தப் பதவியில் இருக்கிறீர்கள் என்பது அங்கே செல்லாது. வேலையைப் பார்த்து அளப்பவர்கள் அதே வேலையைத் தெரிந்தவர்கள். கொழும்பில் இளநிலைப் பதவியில் இருந்த பிள்ளைகள் அந்த வழியாக உலக நிபுணர்களோடு சரிசமமாக வாதாடியதை நான் பார்த்திருக்கிறேன். ஒரு கம்பனி தனக்குள்ளே அமைக்க வேண்டிய நிபுணர் ஏணிக்கு இதைவிட நல்ல மாதிரி எனக்குத் தெரியவில்லை.

பெயருக்கு ஓர் ஏணி

இன்று பல கம்பனிகளின் ஊழியர் கைநூலில் இரண்டு ஏணிகள் படம் போட்டுக் காட்டப்பட்டிருக்கும். இடப்பக்கம் டெக் லீட், சீனியர் டெக் லீட், ஆர்க்கிடெக்ட். வலப்பக்கம் புரொஜெக்ட் மனேஜர், டெலிவரி மனேஜர், பணிப்பாளர். படம் அழகாக இருந்தாலும் நடைமுறை வேறாக இருக்கலாம். அமெரிக்க ஆய்வாளர்கள் தொமஸ் அலனும் ரால்ஃப் கட்ஸும் 1986இலேயே இந்த இரட்டை ஏணி ஊழியருக்கு ஊக்கம் தருகிறதா, முகாமையாளர்களின் கற்பனையா என்று கேட்டு ஒரு கட்டுரை எழுதினார்கள். அவர்கள் விசாரித்த பொறியியலாளர்களில் ஒரு பெரும் பகுதியினர், வயது ஏற ஏற, இரண்டு ஏணியும் வேண்டாம், மனதுக்குப் பிடித்த சவாலான வேலை தந்தால் போதும் என்றார்கள். பட்டம் சூட்டுவது மட்டும் தீர்வாகாது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

அதனால் என்னிடம் ஆலோசனை கேட்டு வரும் பிள்ளைகளுக்கு, ஒரு கம்பனியின் நிபுணர் ஏணி மெய்யானதா என்று சோதிக்கச் சில கேள்விகள் சொல்லிக் கொடுக்கிறேன். நேர்முகத்திலேயே கேட்கலாம், அதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

ஆர்க்கிடெக்டுக்கும் அவருக்குச் சமமான படியில் இருக்கும் முகாமையாளருக்கும் சம்பள எல்லை ஒன்றா? அந்த ஏணியின் உச்சியில் இப்போது யாராவது இருக்கிறார்களா, அல்லது படத்தில் மட்டும்தானா? இந்த வடிவமைப்புப் பாதுகாப்பற்றது, வெளியிடக் கூடாது என்று நிபுணர் சொன்னால், கிளையன்ட் அவசரப்படுத்தினாலும் அந்தச் சொல் நிற்குமா? நிபுணரை மேலே ஏற்றும் தீர்மானத்தை எடுப்பவர்களில் அந்தத் தொழில்நுட்பம் தெரிந்தவர்கள் இருக்கிறார்களா? இளையவர்களுக்குக் கற்றுக் கொடுப்பதும், அவர்கள் எழுதியதைப் பார்த்துத் திருத்துவதும் அப்ரேசலில் கணக்கெடுக்கப்படுமா? முகாமையாளராகிச் சரிவராவிட்டால், சம்பளமும் மரியாதையும் குறையாமல் திரும்பி வர முடியுமா?

கடைசிக் கேள்வியைத்தான் நான் எல்லாவற்றிலும் முக்கியமாக நினைக்கிறேன். திரும்ப வழி இருந்தால் முகாமைத்துவத்தைப் பலர் பயமில்லாமல் முயன்று பார்ப்பார்கள். அவர்களில் சிலர் அதுதான் தங்கள் தொழில் என்று கண்டுகொள்வார்கள். நல்ல முகாமையாளர்களும் இப்படித்தான் கிடைப்பார்கள்.

நிபுணர் பக்கத்துக்கும் கடமை உண்டு. ஆட்களோடு பேசப் பிடிக்காது என்பதற்காக மட்டும் இந்த வழியைத் தெரிந்தெடுத்தால் உச்சிக்குப் போக முடியாது. மேல்படியில் இருக்கும் நிபுணர் நன்றாக எழுதத் தெரிந்தவராக, பணிப்பாளர் சபைக்கு விளங்கும்படி ஆபத்தை எடுத்துச் சொல்பவராக, மூன்று நான்கு குழுக்களின் வேலையைத் தன் ஆலோசனையால் உயர்த்துபவராக இருக்க வேண்டும். படிப்பையும் நிறுத்த முடியாது. வார இறுதியில் எம்.பி.ஏ. வகுப்புக்குப் போவது கொழும்பில் ஒரு வழக்கமாகிவிட்டது; முகாமையாளராக விரும்புபவருக்கு அது நல்லதே. நிபுணராக விரும்புபவர், கட்டுபெத்தையில் உள்ள மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் வேலை செய்துகொண்டே படிக்கக்கூடிய கணினி விஞ்ஞான முதுமாணிப் படிப்பையும் யோசிக்கலாம். எதைப் படிப்பது என்பதற்கு முன், எந்த வேலை செய்யும்போது நேரம் போவது தெரியவில்லை என்று தன்னையே கேட்டுக்கொள்வது நல்லது.

வீட்டிலும் மாற வேண்டியது

கம்பனிகளை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. தமிழ்க் குடும்பங்களில் ஒருவரின் உயர்வை அளக்கும் விதமும் இதற்கு உரம் போடுகிறது. 57ஆம் ஒழுங்கைத் தமிழ்ச் சங்க மண்டபத்தில் ஒரு கூட்டம் முடிந்து வெளியே வரும்போது, தெரிந்த மாமி ஒருவர் என் கையைப் பிடித்து விசாரித்தார். "பிள்ளை, உமக்குக் கீழ எத்தினை பேர் வேலை செய்யினம்?" என் வேலையைப் பற்றி உண்மையான அன்போடுதான் கேட்டார். ஒருவரும் இல்லை என்றதும் அவர் முகத்தில் என்மேல் ஓர் இரக்கம் வந்தது. பல ஆயிரம் பேரின் காப்புறுதிப் பணம் பிழையில்லாமல் போய்ச் சேர்வது என் வடிவமைப்பில் தங்கியிருக்கிறது என்று அவருக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப பொறுப்பு பெருசுதான்" என்றார். விளங்கும்படி சொன்னால் எங்கள் ஆட்கள் ஏற்றுக்கொள்வார்கள். நாங்கள் சொல்வதில்லை.

கலியாணப் பேச்சிலும் இதே அளவுகோல்தான். தரகர் கொண்டுவரும் குறிப்பில் மனேஜர் என்ற சொல்லுக்கு இருக்கும் மதிப்பு, 'பிரின்சிபல் இன்ஜினியர்' என்பதற்கு இல்லை. அதனாலேயே தனக்குப் பொருந்தாத பதவியை ஏற்றுக்கொண்ட இளைஞர்களை எனக்குத் தெரியும். பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்: பிள்ளையிடம் என்ன பதவி என்று கேட்பதோடு, என்ன பிரச்சினையைத் தீர்க்கிறாய் என்றும் கேளுங்கள். பிள்ளை சொல்லும் பதிலின் உற்சாகத்திலேயே அவர் எந்த வழிக்கு உரியவர் என்பது தெரிந்துவிடும்.

இனி என்ன செய்யலாம்

2022இல் ரூபாய் சரிந்தபோது கம்பனிகள் ஆட்களைத் தக்கவைக்கப் பட்ட பாடு எல்லோருக்கும் நினைவிருக்கும். சம்பளத்தை டொலரோடு இணைத்தார்கள், விசேட கொடுப்பனவு கொடுத்தார்கள். அப்படியும் பலர் போனார்கள். போனவர்களில் என்னோடு பேசியவர்கள் பணத்தைப் பற்றியும் பிள்ளைகளின் எதிர்காலத்தைப் பற்றியும் சொன்னார்கள். அனுபவம் மிக்க சிலர் இன்னொன்றும் சொன்னார்கள்: அங்கே ஐம்பது வயதிலும் பொறியியலாளராகவே இருக்கலாம். பணத்தில் வெளிநாட்டோடு போட்டியிட எங்கள் கம்பனிகளால் இயலாமல் இருக்கலாம். இந்த ஒன்றில் நிச்சயம் போட்டியிடலாம். அதற்கு டொலர் வேண்டியதில்லை.

கம்பனி நடத்துபவர்கள் ஏப்ரலில் வரும் அடுத்த சம்பள மீளாய்வுக்கு முன்பே இதைத் தொடங்கலாம். இரண்டு ஏணிகளின் சம்பள எல்லைகளையும் ஊழியர் எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுங்கள். நிபுணர் ஏணியின் உச்சப் படிக்குத் தகுதியான ஒருவரையாவது இந்த வருடமே உயர்த்தி, பணிப்பாளர் சபைக் கூட்டத்தில் தொழில்நுட்ப ஆபத்துகளைப் பற்றி நேரடியாகப் பேச அவருக்கு இடம் கொடுங்கள். முகாமையாளர் ஆக்கும் எவருக்கும் முதலில் பயிற்சியும், ஒரு வருடத்துக்குப் பின் தன் பழைய வேலைக்குத் திரும்பும் உரிமையும் எழுத்தில் கொடுங்கள். நல்ல முகாமையாளர்களுக்கும் இதனால் மதிப்புக் கூடும். வேறு வழியில்லாமல் வந்தவர் என்ற பேச்சு அவர்களைத் தொடாது. ஒரு நிபுணரை உருவாக்கப் பதினைந்து வருடம் பிடிக்கும். அவரை இழக்க, மேலே போக வேண்டுமானால் உன் வேலையை விடு என்று சொல்லும் ஒரேயொரு அப்ரேசல் கூட்டம் போதும்.